ஒரே துவக்கு, இரண்டு வகைச் சன்னம்

வாசகர்களின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற மிருக வைத்தியர் பதிலளிக்கின்றார்

கேள்வி: மதிப்புக்குரிய டாக்டர் ஐயா, என் தங்கையின் கணவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, டெக்ஸாஸ் மாநிலத்தில் கெர்வில் நகருக்கு அருகேயுள்ள ஓர் ஆட்டுப்பண்ணையில் மேற்பார்வையாளராக இருக்கின்றார். குட்டிகளைக் கவ்விக்கொண்டு போகும் கயோட்டி என்ற, நரியைப் போன்ற அந்நாட்டுக் காட்டு மிருகங்களைச் சுடுவதற்காக .223 ரைபிள் ஒன்று வாங்கியிருக்கின்றார். நவம்பரில் மான் வேட்டைப் பருவம் தொடங்கும்போது அதே துவக்கையும், கயோட்டிக்கென்று மலிவாக வாங்கிவைத்த அதே ரவைகளையும் மானுக்கும் பயன்படுத்தலாமா என்று கேட்கின்றார். அவரும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்தான்; துவக்கு அவருக்குப் புதிது. மிருகங்களின் உடம்பை அறிந்தவர் நீங்கள் என்பதால் உங்களிடம் கேட்கின்றேன்.
– ஹட்டன் வாசகர்

பதில்: துவக்கைப் பயன்படுத்தலாம், ஆனால் அந்த ரவைகளைப் பயன்படுத்தக் கூடாது. இதை உங்கள் மைத்துனரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகின்றேன்.

நாம் பேச்சில் ரவை, தோட்டா, சன்னம், குண்டு என்று ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லுகின்றோம். இங்கே நான் ரவை என்பது பித்தளைக் கோதும், அதன் அடியில் நெருப்பெடுக்கும் சிறு மூடியும், உள்ளிருக்கும் மருந்தும், வாயில் செருகியிருக்கும் உலோகத் துண்டும் சேர்ந்த முழுப்பொருளை. குழலை விட்டுப் பறந்து மிருகத்தின் உடலுக்குள் புகுவது அந்த உலோகத் துண்டு மட்டுமே. அதைத்தான் சன்னம் என்கின்றேன். பெட்டியின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருக்கும் .223 என்ற எண், அந்த ரவை துவக்குக்குப் பொருந்துமா என்பதை மட்டுமே சொல்லும். அந்தச் சன்னம் மிருகத்துக்குப் பொருந்துமா என்பதை அறிய, அதே பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும் சன்னத்தின் நிறையையும் வகையையும் வாசிக்க வேண்டும்.

.223 ரெமிங்டன் ரவையின் சன்னம் 0.224 அங்குல விட்டம் கொண்டது. அது 5.7 மில்லிமீற்றர், எழுதும் பென்சிலின் தடிப்புக்கூட இல்லை. வழக்கமான நிறை 55 கிரெயின், அதாவது ஏறத்தாழ மூன்றரை கிராம். தோட்டத்துப் பிள்ளைகள்கூடப் பெயர் கேட்டிருக்கும் சாதாரண .22 லோங் ரைபிள் ரவையின் சன்னமும் கிட்டத்தட்ட இதே தடிப்புத்தான். ஆனால் அது விநாடிக்கு 380 மீற்றர் வேகத்தில் ஏறக்குறைய 190 யூல் சக்தியோடு புறப்பட, .223இன் சன்னம் விநாடிக்கு 990 மீற்றர் வேகத்தில் ஏறக்குறைய 1,740 யூல் சக்தியோடு புறப்படுகின்றது. தடிப்பு ஒன்றாயிருக்கச் சக்தி ஒன்பது மடங்கு. விட்டத்தை மட்டும் வைத்து ஒரு ரவையை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சக்தியை மட்டும் வைத்தும் எடைபோட முடியாது. கயோட்டி சாதாரணமாகப் பத்து முதல் இருபது கிலோ வரை நிறையுள்ள மிருகம். விலா எலும்புகள் மெல்லியவை, நெஞ்சறை ஒடுங்கியது. அதற்கெனச் செய்யப்படும் சன்னத்தின் செம்பு உறை மிக மெல்லியதாகவும், உள்ளேயுள்ள ஈயம் மென்மையானதாகவும் இருக்கும். நுனியில் ஒரு பிளாஸ்டிக் முனை பொருத்தப்பட்டிருக்கும். தோலில் பட்டவுடன் அந்த முனை ஆப்பு அடித்ததைப்போல உள்ளே தள்ளப்பட்டுச் சன்னத்தைப் பிளக்கின்றது. சன்னம் அந்த நேரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் சுற்றுகளோ அதற்கு மேலோ என்ற வேகத்தில் சுழன்றுகொண்டிருப்பதால், பிளந்த துண்டுகள் எல்லாப் பக்கமும் சிதறுகின்றன. கயோட்டி விழுந்த இடத்திலேயே இறந்துவிடும். மறுபக்கம் துளை விழாதபடியால் தோலை விற்பவருக்குத் தோல் பழுதாகாது. தவறிப்போன சன்னம் தரையில் பட்டால் தெறித்து ஓடாமல் பெரும்பாலும் அங்கேயே நொறுங்கும் என்பதால், ஆடு மாடு நிற்கும் பண்ணையில் அது ஒரு பாதுகாப்பும் ஆகின்றது. ஆகவே கயோட்டிக்கு அது நல்ல சன்னம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதே சன்னத்தை ஐம்பது, அறுபது கிலோ நிறையுள்ள வெண்வால் மானின் தோளில் அடித்தால் என்ன நடக்கும்? இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் குடும்பத்தோடு டெக்ஸாஸில் தங்கியிருந்தபோது, அயலிலுள்ள பண்ணைக்காரர் ஒருவர் மான் உரிக்கும் கொட்டிலுக்கு என்னை அழைப்பதுண்டு. நான் சுடுவதில்லை, ஆனால் உடலைத் திறந்து பார்ப்பது நாற்பது ஆண்டுகளாக என் தொழிலாக இருந்தது. ஒருநாள் காலை ஒரு பெண்மானைக் கொண்டுவந்தார்கள். முதல்நாள் மாலை சுடப்பட்டது. இரவு முழுவதும் தேடி, விடிந்த பின் ஓடைக்கரையில் படுத்திருக்கக் கண்டு, இரண்டாவது வெடியால்தான் அதன் உயிரைப் போக்கியிருக்கின்றார்கள். முதல் வெடி பட்ட இடத்தில், தோள்பட்டையின் மேல், ஒரு தேநீர்க் கோப்பையைக் கவிழ்க்கலாம்போல அகன்ற காயம் இருந்தது. பார்த்தவர்கள் அனைவரும் இவ்வளவு பெரிய காயத்தோடு எப்படி ஓடியது என்று வியந்தார்கள். நான் தசையை விலக்கிப் பார்த்தேன். தோள் எலும்பு விரிசல் கண்டிருந்தது; சன்னத்தின் துண்டுகள் எல்லாம் அதன் மேலேயே மணல்போலக் கிடந்தன. அதற்கு மூன்று விரற்கடை உள்ளே நுரையீரல் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. அந்த மான் பன்னிரண்டு மணித்தியாலங்களுக்கு மேல் அந்தக் காயத்தோடு உயிரோடு கிடந்திருக்கின்றது. சுட்டவர் கொடுமையான மனிதர் அல்லர். பெட்டியின் எண்ணை மட்டும் பார்த்து வாங்கிய மனிதர்.

மானைக் கொல்வது காயத்தின் அகலம் அல்ல, ஆழம். இரண்டு நுரையீரல்களும் அல்லது இதயமும் கிழிந்து, மூளைக்கு இரத்தம் போவது நின்றால் பத்துப் பதினைந்து விநாடிகளில் மிருகம் நினைவிழந்துவிடும். அதற்குச் சன்னம் தோலையும் விலாவையும் கடந்து, உள்ளே போய் ஓரளவு விரிந்து, விரிந்த பின்னும் உடையாமல் நெஞ்சறையின் மறுபக்கம்வரை செல்ல வேண்டும். மறுபக்கமும் துளைத்து வெளியேறினால் இன்னும் நல்லது. அப்போதுதான் இரத்தம் தரையில் கொட்டி, தேடிச் செல்பவருக்கு வழி காட்டும். கயோட்டியின் தோலைக் காப்பாற்ற எந்தத் துளை வேண்டாம் என்கின்றோமோ அதே துளை மானுக்கு வேண்டும். அதனால்தான் ஒரே சன்னம் இரண்டு வேலைக்கும் ஆகாது என்கின்றேன்.

அப்படியானால் .223இல் மானுக்கு ஏற்ற சன்னம் இல்லையா என்றால், இருக்கின்றது. ஈயக் கருவையும் செம்பு உறையையும் பிரியாதபடி ஒட்டவைத்த 62, 64 கிரெயின் சன்னங்கள் இருக்கின்றன. ஈயமே இல்லாமல் முழுவதும் செம்பினால் ஆன 55, 62 கிரெயின் சன்னங்கள் இருக்கின்றன. நொஸ்லர் பார்ட்டிஷன் என்ற 60 கிரெயின் சன்னத்தில், உறையின் நடுவே ஒரு செம்புத் தடுப்பு உண்டு. முன்பாதி விரிந்து சிதைந்தாலும் தடுப்புக்குப் பின்னாலுள்ள பாதி உடையாமல் முன்னேறும். ஜோன் நொஸ்லர் என்ற அமெரிக்கர், கனடாவில் ஒரு பெரிய மூஸ் மானின் தோளில் தம் சன்னங்கள் மேலோட்டமாகவே உடைந்துபோனதைக் கண்டு, அந்தத் தடுப்பை யோசித்து, 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கொட்டிலில் நான் கண்ட அதே கோளாறுதான் அவரையும் யோசிக்க வைத்திருக்கின்றது.

சரியான சன்னம் கிடைத்த பிறகும் .223 மானுக்கு எல்லைக்கோட்டில் நிற்கும் துவக்குத்தான் என்பதை உங்கள் மைத்துனர் மறக்கக் கூடாது. சாதாரண 55 கிரெயின் சன்னம் 200 யார் தூரம், அதாவது ஏறத்தாழ 180 மீற்றர், போவதற்குள் தன் சக்தியில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடுகின்றது. அவர் புதியவர், ஆகையால் 100 யாருக்கு மேல் சுடவே வேண்டாம் என்பது என் ஆலோசனை. மான் பக்கவாட்டாக நிற்க வேண்டும். முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே குறி வைக்க வேண்டும். நெஞ்சைக் காட்டிச் சாய்வாக நின்றாலோ, பின்பக்கம் காட்டி நடந்தாலோ, துவக்கைத் தாழ்த்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். சுட்ட பின் உடனே ஓடிப் பார்க்கக் கூடாது. அரை மணித்தியாலம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். தரையில் இளஞ்சிவப்பாக நுரைத்த இரத்தம் கிடந்தால் நுரையீரலில் பட்டிருக்கின்றது, மான் அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல். பச்சை நிறத்தில் இரைப்பையின் சாறு கலந்திருந்தால் பல மணித்தியாலங்கள் பொறுத்திருந்துதான் தேட வேண்டும். துரத்தினால் அது கண்காணாத இடத்துக்குப் போய்ச் சாகும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, டெக்ஸாஸில் அடியின் நடுவில் நெருப்பெடுக்கும் ரவை எதுவானாலும் மானுக்கு அனுமதி உண்டு, விளிம்பில் நெருப்பெடுக்கும் .22 லோங் ரைபிள் போன்றவற்றுக்கு இல்லை. எல்லா இடத்திலும் இப்படியல்ல. கொலராடோ மாநிலம் மானுக்கு .24 அங்குலத்துக்குக் குறைந்த துவக்கை ஏற்பதில்லை. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான்கள் சட்டமும் பெரும்பாலான மான் இனங்களுக்கு .240 அங்குலத்தைக் கீழெல்லையாக வைத்திருக்கின்றது. அந்தச் சட்டங்களை எழுதியவர்கள் வீண் பயத்தில் எழுதவில்லை. மைத்துனருக்கு வசதி இருந்தால், பிற்காலத்தில் மானுக்கென்று .243 வின்செஸ்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளட்டும். 1955இல் வந்த அந்த ரவையின் 100 கிரெயின் சன்னம் 2,600 யூலுக்கு மேற்பட்ட சக்தியோடு புறப்படுகின்றது. தோள் அதிரும் அளவும் பெரிதல்ல. அதே துவக்கில் இலேசான சன்னத்தைப் போட்டால் கயோட்டிக்கும் உதவும்.

கேள்வி: ஐயா, கயோட்டி என்பது நம் நாட்டு நரிதானா? தொட்டால் ஆபத்து உண்டா?
– பூண்டுலோயா மாணவி

பதில்: நரியின் நெருங்கிய உறவு. இரண்டும் ஓநாய், நாய் ஆகியவற்றின் பேரினத்தைச் சேர்ந்தவை. கயோட்டி நம் நரியைவிட ஓரளவு பெரியது. நம் ஊர்களில் நரிக்கொம்பு என்று ஒன்றைத் தாயத்துக்கு விற்பார்கள். நான் பரிசோதித்த எந்த நரியின் தலையிலும் கொம்பைக் கண்டதில்லை. ஆபத்து உண்டு. கயோட்டிக்கும் விசர்நாய் நோய் வரும். டெக்ஸாஸின் தென்பகுதியில் 1988 முதல் கயோட்டிகளிடையே அந்நோய் பரவியதால், 1995 முதல் தடுப்பு மருந்து வைத்த இரைகளை விமானத்திலிருந்து போட்டு அதைக் கட்டுப்படுத்தினார்கள். சுட்ட கயோட்டியைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. தலையையும் வாயையும் தொடவே வேண்டியதில்லை.

கேள்வி: நான் பௌதிகவியல் கற்பிக்கின்றேன். ஒரே அளவுத் துவக்கில் சிலருக்குக் கனத்த சன்னம் நேராகப் போவதாகவும் சிலருக்குப் பக்கவாட்டாகப் புரண்டு போவதாகவும் வாசித்தேன். காரணத்தை விளக்க முடியுமா?
– பண்டாரவளை ஆசிரியர்

பதில்: குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்டிருக்கும் புரிகள்தான் காரணம். பம்பரம் போதிய வேகத்தில் சுழன்றால் நிற்கும், வேகம் குறைந்தால் தள்ளாடும் என்பதை வகுப்பில் காட்டியிருப்பீர்கள். சன்னமும் அப்படித்தான். பழைய .223 துவக்குகளில் புரி 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும்; அதே விட்டச் சன்னத்தை இன்னும் வேகமாகச் சுடும் .22-250 துவக்குகளில் பெரும்பாலும் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இவை 55 கிரெயின் வரையிலான குட்டையான சன்னங்களுக்குப் போதும். இன்று வரும் .223 துவக்குகள் பல 9, 8, 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று வீதம் வெட்டப்பட்டிருப்பதால் நீண்ட சன்னங்களையும் நிலைநிறுத்துகின்றன.

நீண்ட என்று எழுதினேனே தவிரக் கனத்த என்று எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். பலரும் நிறையைத்தான் பேசுகின்றார்கள். உண்மையில் புரியின் வேகத்தைத் தீர்மானிப்பது சன்னத்தின் நீளம். கிரீன்ஹில் என்ற ஆங்கிலக் கணிதப் பேராசிரியர் 1879இல் வகுத்த சூத்திரமும் நீளத்தையும் விட்டத்தையுமே கேட்கின்றது. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 9க்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஒரே நிறையுள்ள இரண்டு சன்னங்களில் முழுச் செம்பாலானது நீளமாக இருக்கும். ஈயச் சன்னம் 55 கிரெயினில் நேராகப் போகும் பழைய துவக்கிலிருந்து 62 கிரெயின் செம்புச் சன்னம் புரண்டு போகலாம். ஹட்டன் வாசகரின் மைத்துனரும் தம் துவக்கின் குழலில் பொறித்திருக்கும் புரி அளவை வாசித்துவிட்டே மான் சன்னத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். 100 யாரில் அட்டையில் சுட்டுப் பார்த்து, துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக விழுந்தால், அந்தச் சன்னம் அந்தத் துவக்குக்கு ஆகாது.

கேள்வி: டெக்ஸாஸில் நம் புள்ளிமானையும் சுடுகின்றார்கள் என்று என் மகன் சொல்கின்றான். நம்ப முடியவில்லை. நம் மான் அங்கே எப்படிப் போனது?
– நுவரெலியா வாசகி

பதில்: உங்கள் மகன் சொல்வது உண்மை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய புள்ளிமான் இனம் 1932இல் டெக்ஸாஸுக்குக் கொண்டுபோகப்பட்டது. வேலி தாண்டிப் பெருகி, இன்று கெர்வில் சுற்றுவட்டாரத்துக் குன்றுகளில் மந்தையாகத் திரிகின்றது. அந்தப் பிரதேசத்துக்கும் மலைநாடு என்று பொருள்படும் பெயரே வழங்குகின்றது என்பதை அங்கே கேட்டபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. அங்கு அது அந்நிய மிருகம் என்பதால் வேட்டைக்குப் பருவ எல்லை இல்லை. அனுமதிப்பத்திரம் மட்டும் வேண்டும். உள்ளூர் மானின் புல்லையும் தழையையும் அது தின்று தீர்ப்பதால், அதைக் குறைப்பதை அங்குள்ளவர்கள் பாதுகாப்புப் பணியாகவே எண்ணுகின்றார்கள்.

இந்தப் பகுதியின் விடயத்துக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. புள்ளிமானின் வளர்ந்த கலை, அதாவது ஆண்மான், அங்கு எழுபது முதல் நூறு கிலோ வரை நிற்கும். டெக்ஸாஸ் குன்றுகளின் வெண்வால் மானைவிடக் கனமானது, கழுத்தும் தோளும் தடித்தவை. வெண்வால் மானுக்கே எல்லைக்கோட்டில் நிற்கும் .223ஐப் புள்ளிமான் கலைக்கு நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன், சன்னம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

இங்கே நிலைமை வேறு. நம் நாட்டில் புள்ளிமானும் மரையும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. ஹோர்ட்டன் சமவெளியில் மாலை வேளையில் வீதியோரம் வந்து நிற்கும் மரைகளைக் கண்டவர்கள், இந்தப் பக்கத்தில் நான் எழுதும் எதையும் அவற்றோடு இணைத்துப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: தோட்டத்தில் காட்டுப்பன்றி மரக்கறிப் பாத்திகளை அழிக்கின்றது. நீங்கள் சொல்லும் இந்தத் துவக்குகளை நாங்கள் பெற வழி உண்டா?
– மஸ்கெலியா வாசகர்

பதில்: இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சுடுகலன்கள் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்துக்கு உட்பட்டவை. பாத்தியைக் காக்கவென்று ரைபிளைக் கையில் எடுப்பது நமக்குத் திறந்திருக்கும் வழியல்ல. அதற்குப் பதிலாகச் சிலர் கட்டுத்துவக்கும் சுருக்குக்கம்பியும் வைக்கின்றார்கள். அவற்றை நான் மனம் வருந்தி எதிர்க்கின்றேன். எந்தச் சன்னம், எந்தத் தூரம், எந்த இடத்தில் பட வேண்டும் என்று இவ்வளவு நேரம் எழுதினேன். கம்பி இவற்றில் ஒன்றையும் தெரிந்துகொள்வதில்லை. 2020 மே மாதம் உங்கள் பக்கத்து நல்லதண்ணியில் கம்பியில் அகப்பட்டு, மீட்கப்பட்ட சில நாட்களில் இறந்த கருஞ்சிறுத்தை பன்றிக்கு வைத்த கம்பியால்தான் போனது. பாத்தியைச் சுற்றி உறுதியான வேலி, இரவுக் காவல், பிரதேச வனசீவராசிகள் அலுவலகத்தில் முறைப்பாடு ஆகியவற்றைத்தான் என்னால் சொல்ல முடியும். அவை போதவில்லை என்று நீங்கள் சொன்னால், அதை மறுக்கவும் என்னால் முடியாது.

கேள்வி: வெள்ளைக்காரர் காலத்தில் நம் மலைகளில் யானையும் மரையும் சுட்டவர்கள் பெரிய ஈயக் குண்டுகளைப் பயன்படுத்தினார்கள் என்று வாசித்திருக்கின்றேன். இப்போது மூன்று கிராம் சன்னம் எப்படிப் போதுமாகிறது?
– ஹப்புத்தளை வாசகர்

பதில்: நல்ல ஒப்பீடு. 1848 முதல் சில ஆண்டுகள் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கரிடம், மூன்று அவுன்ஸ், அதாவது 85 கிராம், நிறையுள்ள உருண்டையைச் சுடும் துவக்கொன்று இருந்தது. இன்றைய .223 சன்னத்தைப்போல அது இருபத்து நான்கு மடங்கு. அக்காலத்துக் கருமருந்து எரியும் விதத்தில், அதை எவ்வளவு கூட்டிப் போட்டாலும் சன்னத்தின் வேகத்தை ஓரளவுக்குமேல் உயர்த்த முடியாது. ஆகவே பலத்தைக் கூட்ட ஒரே வழி நிறையைக் கூட்டுவதாக இருந்தது. 1884இல் பிரான்ஸில் போல் வியேல் என்பவர் புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்த பிறகு வேகம் இரட்டித்தது. வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகும் என்பதால் சன்னம் சிறுத்துக்கொண்டே வந்தது. ஆனால் வேகம் கூடியபோது வெறும் ஈயம் குழலிலேயே உரசி உருகி ஒட்டத் தொடங்கியது. அதற்காகவே உறை வந்தது. உறை வந்த பிறகுதான், எங்கே விரிய வேண்டும், எங்கே விரியாமல் இருக்க வேண்டும் என்ற கேள்வியே எழுந்தது.

அந்தக் கேள்விக்கு நம் பக்கத்திலேயே ஒரு வரலாறும் உண்டு. உறை முழுவதும் மூடிய சன்னம் உடலில் ஊசிபோலப் புகுந்து வெளியேறிவிடுகின்றது என்று கண்டு, 1890களில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதச்சாலையில் முனையில் உறை இல்லாத சன்னங்களைச் செய்தார்கள். 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் விரியும் சன்னங்களைப் போரில் தடைசெய்தன. வேட்டையில் சட்டம் நேர்மாறானது. இங்கிலாந்தின் சட்டம் மானுக்கு விரியும் சன்னத்தையே கட்டாயமாக்குகின்றது. அமெரிக்க மாநிலங்கள் பலவும் முழு உறைச் சன்னத்தை மானுக்குத் தடுக்கின்றன. மலிவாகக் கிடைக்கும் இராணுவ வகை ரவையை வாங்கி மானைச் சுட்டால், பென்சில் அளவுத் துளையோடு அது மைல் கணக்கில் ஓடி, நாட்கணக்கில் சாகும். உடைந்து சிதறும் சன்னம் ஒரு பக்கத்துத் தவறு என்றால், விரியவே விரியாத சன்னம் மறுபக்கத்துத் தவறு.

கேள்வி: சன்னத்தின் ஈயம் இறைச்சியில் கலக்குமா? கனடாவிலிருக்கும் என் பிள்ளைகள் நண்பர்கள் கொடுக்கும் மான் இறைச்சியைச் சமைக்கின்றார்கள்.
– தலவாக்கலை வாசகி

பதில்: கலக்கும். ஈயக் கருவுள்ள சன்னம் விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தின் பாதையை விட்டு வெகுதூரம் பரவுவதை எக்ஸ்ரே படங்களில் தெளிவாகக் காணலாம். மெல்லிய உறையுள்ள, விரைவில் உடையும் சன்னங்கள் இதில் மிக மோசமானவை. கயோட்டி ரவையை மானுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம். பிள்ளைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. கலிபோர்னியா மாநிலம், செத்த மிருகங்களைத் தின்னும் கொண்டோர் கழுகுகள் ஈய நஞ்சால் இறந்ததைக் கண்டு, 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயச் சன்னத்தைத் தடைசெய்துவிட்டது.

நண்பர்களிடம் எந்தச் சன்னத்தால் சுட்டது என்று தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள். முழுச் செம்புச் சன்னம் என்றால் கவலை இல்லை. ஈயம் என்றால், காயத்தைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குக் குறையாமல் வெட்டி எறிந்த இறைச்சியையே எடுக்க வேண்டும். அரைத்த இறைச்சியை வாங்கவே வேண்டாம், ஏனெனில் ஒரு துண்டிலிருந்த துகள் அரைக்கும்போது முழுவதிலும் பரவிவிடும். நம்மவர்கள் மான் இறைச்சியைப் புளியிலோ வினாகிரியிலோ ஊறவைத்துச் சமைப்பது வழக்கம். புளிப்பு ஈயத்தைக் கரைத்து உடலில் இலகுவாகச் சேரச் செய்யும் என்பதால், சன்னம் எதுவென்று தெரியாத இறைச்சிக்கு அந்தப் பக்குவம் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அப்படிப்பட்ட இறைச்சியைக் கொடுக்கவே வேண்டாம்.

கேள்வி: ஒரே துவக்குக்கு இரண்டு வகை ரவைகளை வைத்துக்கொள்வதில் ஏதாவது சிக்கல் உண்டா? என் மகனும் அவுஸ்திரேலியாவில் அப்படித்தான் வைத்திருக்கின்றான்.
– பதுளை வாசகர்

பதில்: உண்டு, இலகுவில் தீர்க்கக்கூடியது. 40 கிரெயின் சன்னமும் 60 கிரெயின் சன்னமும் ஒரே குறிக்கு ஒரே இடத்தில் விழுவதில்லை. 100 யாரிலேயே சில அங்குலங்கள் விலகலாம். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே அட்டையில் சுட்டு, துவக்கின் மேல் பொருத்திய தொலைநோக்கியின் திருகுகளை எத்தனை சொடுக்குத் திருப்ப வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும். மான் பருவத்துக்கு மாற்றியவுடன் மறுபடியும் சுட்டுச் சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்று, 5.56 என்று குறித்த இராணுவ அளவு ரவையும் .223 ரவையும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். 5.56க்கு வெட்டிய துவக்கில் .223 ரவையைச் சுடலாம். .223 என்று மட்டும் பொறித்த துவக்கில் 5.56 ரவையைச் சுட்டால் உள்ளழுத்தம் பாதுகாப்பான அளவைத் தாண்டக்கூடும். முகத்துக்கு அருகே வெடிக்கும் பொருளில் பரீட்சை செய்து பார்க்க இடமில்லை. டெக்ஸாஸில் நான் கொட்டிலில் கண்ட அந்தப் பெண்மானுக்குப் பிறகு, அயலிலுள்ள பண்ணைக்காரர் கயோட்டி ரவைப் பெட்டிகளுக்கு மஞ்சள் நாடாவும் மான் ரவைப் பெட்டிகளுக்குச் சிவப்பு நாடாவும் ஒட்டி, வெவ்வேறு அலுமாரிகளில் பூட்டிவைத்தார். நவம்பர் பிறந்ததும் மஞ்சள் அலுமாரியின் திறப்பை மனைவியிடம் கொடுத்துவிடுவார்.